கார்த்திகை தீபம் எந்தப் பெட்டியில் ஓடும்?

வேங்கிக்காலிலும் திருவண்ணாமலையைச் சுற்றியும் அறை எடுத்துத் தங்கி, கணினி படித்துக்கொண்டே கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

இந்த ஊரில் இருந்துகொண்டு கேம் செய்யத் தெரிந்த யாருக்கும் கிரிவலத்தை ஒரு கேமாக்கிப் பார்க்கும் ஆசை வராமல் இருக்காது. 14 கிலோமீட்டர் பாதை, வழியில் எட்டு லிங்கங்கள், 217 அடி ராஜகோபுரம், கார்த்திகை அன்று 2,668 அடி மலையின் உச்சியில் கொப்பரையில் எரியும் தீபம், கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஜனம். ஒரு கேமுக்கு வேண்டிய இடமும் பயணமும் உச்சமும் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே பஸ் ஏறினாலே கிடைத்துவிடுகின்றன. 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் இன்ஜினை இறக்கி, இரண்டு மூன்று மாதம் இரவு பகலாக உட்கார்ந்தால் ஒரு துண்டு ஓடியும் விடும். அதற்குப் பிறகு எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “முதலில் பிசியில் முடிப்போம், அப்புறம் கன்சோலுக்குப் போர்ட் பண்ணிக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ பல அணிகளை முறித்திருக்கிறது. உலகின் பெரிய நிறுவனங்களும் அதில் தப்பவில்லை. கன்சோலின் பிராசசர், மெமரி, தரவு ஓடும் பாதை இவற்றை முதல் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைத்தான் இந்த மடல் சொல்ல வருகிறது. அதற்கு நம் கிரிவலக் கேமையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் அது எங்கே முட்டும் என்று பார்த்துவிடுவது நல்லது.

மிகச் சிறிய விஷயத்திலிருந்து தொடங்கலாம். கோபுரத்தின் உயரம் 217 என்று ஒரு கோப்பில் 32 பிட் எண்ணாகச் சேமித்திருக்கிறீர்கள். உங்கள் லேப்டாப்பில் உள்ள பிராசசர் அந்த எண்ணின் நான்கு பைட்டுகளில் சிறிய மதிப்புள்ளதை முதலில் வைக்கும். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றின் பவர்பிசி பிராசசர்கள் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பவை. லேப்டாப்பில் எழுதிய கோப்பை அப்படியே அங்கே படித்தால் 217 என்பது 364,06,55,872 ஆகிவிடும். கோபுரம் நிலாவைத் தாண்டிப் போய்விடும். ஒரு எண் என்றால் திருத்திவிடலாம். ஒரு கேமில் உள்ள மாடல்கள், அசைவுகள், ஒலி, சேமிப்புக் கோப்புகள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட எண்கள் லட்சக்கணக்கில் கிடக்கும். 2005 முதல் 2013 வரை பிசி கேமைக் கன்சோலுக்குக் கொண்டுபோன ஒவ்வொரு அணியும் இந்த வேலையைச் செய்தாக வேண்டியிருந்தது. இன்றைய கன்சோல்கள் அனைத்தும் லேப்டாப்பின் வரிசையையே பின்பற்றுகின்றன. அந்தத் தொல்லை ஒழிந்தது, மற்றவை ஒழியவில்லை.

ஜனக்கூட்டத்துக்கு வருவோம். தீபத்தன்று கிரிவலப் பாதையில் கூட்டம் இல்லையென்றால் அது திருவண்ணாமலையே இல்லை. ஆனால் கூட்டத்தைக் காட்டுவதுதான் கன்சோல்களுக்கு என்றைக்குமே பெரிய சோதனை.

உங்கள் அப்பா அம்மா தலைமுறை 1990களில் விளையாடிய ‘டிவி கேம்’ பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் விற்ற அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது, ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். வேலைக்கான ரேம் வெறும் 2 கேபி. திரையில் ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுகளுக்கு மேல் வரைய முடியாது. ஒரு ஸ்ப்ரைட்டின் அகலம் 8 பிக்சல். ஒரு மனிதருக்கு 16 பிக்சல் வேண்டுமென்றால் இரண்டு ஸ்ப்ரைட். ஆக ஒரே வரிசையில் நான்கு பக்தர்கள்தான் நிற்கலாம், ஐந்தாமவர் காணாமல் போவார். அக்கால நிரலர்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வரிசையை மாற்றி, எல்லோரும் மாறி மாறித் தெரியும்படி செய்தார்கள். அந்தப் பெட்டிகளில் உருவங்கள் விட்டுவிட்டு மின்னியதற்குக் காரணம் அதுதான். குறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கேமை அமைத்த கைகள் அவை.

பிறகு ஒரே பெட்டிக்குள் பல பிராசசர்கள் வந்தன. 1994 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த சேகா சாட்டர்னில் 28.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு எஸ்எச்-2 பிராசசர்கள் இருந்தன. இரண்டும் ஒரே பாதை வழியாகத்தான் மெமரியை எட்ட வேண்டும். ஒன்று எடுக்கும்போது மற்றது காத்திருக்கும். அதனால் இரண்டு இருந்தும் இரட்டை வேகம் கிடைக்கவில்லை. பல கேம்கள் இரண்டாவதைச் சரியாகப் பயன்படுத்தவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த முதல் பிளேஸ்டேஷன், ஒரு பிராசசரும் முப்பரிமாணக் கணக்குக்கு ஒரு துணைப் பகுதியுமாக எளிமையாக இருந்தது. நிரலர்கள் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை.

இந்தப் பாடத்தை எளிமைக்குப் புகழ்பெற்ற அதே சோனி பன்னிரண்டு ஆண்டுகளில் மறந்தது. சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து வடிவமைத்த செல் பிராசசர் 2006இல் பிளேஸ்டேஷன் 3இல் வந்தது. 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு பொதுப் பிராசசர். அதைச் சுற்றி கேம்களுக்கென எஸ்பியு எனும் ஆறு சிறு துணைப் பிராசசர்கள். ஒவ்வொரு எஸ்பியுவுக்கும் சொந்தமாக 256 கேபி மெமரி மட்டும். அது பொது மெமரியை நேராகத் தொட முடியாது. கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரர் ஒருவர், ஆளுக்கொரு சின்ன மணையோடு ஆறு உதவியாளர்கள் இருக்கும் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். மணையில் கொள்ளும் அளவுக்கே காய் கொண்டுபோய் வைக்க வேண்டும். நறுக்கியதை உடனே எடுக்க வேண்டும். அடுத்த கூடையை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆறு பேரும் கைகட்டி நிற்பார்கள். எஸ்பியுவுக்கு வேலை பிரிப்பது நிரலரின் பொறுப்பு. எந்தக் கம்பைலரும் அதைத் தானாகச் செய்து தரவில்லை.

செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெட்டி அள்ளிக் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். யுபிசாஃப்ட் நிறுவனத்தார் 2014இல் ஐரோப்பாவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் ஒரு ஒப்பீட்டைக் காட்டினார்கள். அசையும் துணி உடுத்திய நடனக்காரர்களை 5 மில்லி விநாடிக்குள் எத்தனை பேர் வரை கணக்கிட முடியும் என்பதே கேள்வி. எக்ஸ்பாக்ஸ் 360இல் 34 பேர். பிளேஸ்டேஷன் 3இல் 105 பேர். ஏழு ஆண்டு கழித்து வந்த பிளேஸ்டேஷன் 4இன் பிராசசரில் 98 பேர்தான்! புதிய பெட்டி பழையதைவிடப் பின்தங்கியது. ஆனால் அதே கணக்கைப் பிளேஸ்டேஷன் 4இன் கிராஃபிக்ஸ் சிப்புக்கு மாற்றியபோது எண்ணிக்கை 1,600 ஆனது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 830.

வேட்டியும் சேலையும் காற்றில் அசைய நடக்கும் பக்தர்கள் உங்கள் கேமில் உண்டென்றால், இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம். ஒரே கூட்டம், ஒரே துணி. எந்த சிப்பில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நூறு பேரா, ஆயிரத்து அறுநூறு பேரா என்பது முடிவாகிறது. கடைசி மாதத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு அல்ல இது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு எழுதுவது என்றால் தரவின் அமைப்பையே வேறு மாதிரி அடுக்க வேண்டும்.

கூட்டத்தில் தோற்றதற்குப் பெரிய சான்று சைபர்பங்க் 2077. போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் 2020 டிசம்பர் 10இல் அதை வெளியிட்டது. நெரிசலான ஒரு நகரம்தான் அதன் கதைக்களம். நல்ல பிசியில் ஓடியது. 2013இல் வந்த பழைய கன்சோல்களின் மெதுவான பிராசசரிலும் ஹார்டு டிஸ்கிலும் திணறியது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் 21இல்தான் அது மறுபடி கடைக்கு வந்தது. பல ஆண்டு உழைப்பும், பெரிய பணமும், திறமையான ஆட்களும் இருந்த நிறுவனத்துக்கே அந்தக் கதி.

அடுத்தது தீபம். இதில்தான் கேம் செய்பவர்கள் பலரும் அறியாமல் விழுகிறார்கள். நெருப்பும் புகையும் ஒளிபுகும் படலங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இருபது முப்பது அடுக்கு வரையும்போது, திரையின் அதே பிக்சலை இருபது முப்பது முறை மெமரியிலிருந்து படித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டும். இங்கே கணக்கு வேகத்தைவிட மெமரியின் அலைவரிசைதான், அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவு ஓடும் என்பதுதான், முக்கியம். சாட்டர்னில் ஒளிபுகும் வடிவங்களை வரைவது சிக்கலாக இருந்ததால், பலர் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வரைந்து, பழைய டிவியின் மங்கலில் அது கலந்து தெரியட்டும் என்று விட்டார்கள். பிளேஸ்டேஷன் 2இலோ கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே 4 எம்பி மெமரி இருந்தது. சிறியதுதான், ஆனால் அதன் அலைவரிசை விநாடிக்கு 48 ஜிபி. புகையும் தீப்பொறியும் அந்தப் பெட்டியில் வெள்ளமாகக் கொட்டின. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 3இன் கிராஃபிக்ஸ் மெமரிக்கு அதில் பாதிகூட இல்லை. அதிலும் பிக்சல்கள் பல மடங்கு அதிகம். 2012இல் கொனாமி, ஜோன் ஆஃப் தி எண்டர்ஸ் கேம்களை உயர் தெளிவில் மறுபடி வெளியிட்டபோது, பழைய பெட்டியில் சீராக ஓடிய வெடிப்புக் காட்சிகள் புதிய பெட்டியில் தடுமாறின. 2013இல் ஹெக்ஸாடிரைவ் என்ற ஜப்பானிய அணி பிளேஸ்டேஷன் 3 பதிப்பை ஏறக்குறைய அடியிலிருந்து சீர்செய்து கொடுத்தது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு அப்படியே விடப்பட்டது.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. அதன் முக்கிய மெமரியின் அலைவரிசை விநாடிக்கு 68 ஜிபி. பிளேஸ்டேஷன் 4க்கு 176. இந்த இடைவெளியை நிரப்ப, சிப்புக்குள் 32 எம்பி வேக மெமரி வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 க்கு 1080 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத்திரைப் படலத்துக்கு 82,94,400 பைட். நான்கு படலம் வைத்தால் 32 எம்பி தீர்ந்துவிடும். ஐந்தாவதுக்கு இடமில்லை. நவீன ஒளியமைப்பு முறைகளுக்கு ஐந்தாவது பெரும்பாலும் தேவைப்பட்டது. 2013இல் கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸ் பிளேஸ்டேஷன் 4இல் 1080 வரிகளிலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720 வரிகளிலும் வந்ததை ரசிகர்கள் மாதக்கணக்கில் பேசினார்கள். மலையுச்சியில் தீபம் பெரிதாகத் திரையை நிறைக்கும் ஒரு காட்சியைத் திட்டமிடும்போதே, எந்தப் படலத்தைப் பாதித் தெளிவில் வரைவது என்று முடிவு செய்துவிட வேண்டும். புகையைப் பாதி அகலம், பாதி உயரத்தில் வரைந்து பெரிதாக்கினால் வேலை நான்கில் ஒன்றாகும். பார்ப்பவர்கள் கண்டுபிடிப்பதும் அரிது.

மெமரியின் அளவைப் பற்றி ஒரு சொல். 4096 க்கு 4096 பிக்சல் உள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் புழங்கும் பிசி7 (BC7) என்ற முறையில் சுருக்கினால் 16 எம்பி. நின்டெண்டோ ஸ்விட்சில் ஏஎஸ்டிசி என்ற முறையும் உண்டு, அதில் இன்னும் குறைக்கலாம். ஆனால் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அது ஓடாது. எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகச் சுருக்கித் தரும் ஒரு தானியங்கி வழி தேவை. கோபுரத்தின் ஒரு பக்கத்துக்கு ஒரு டெக்ஸ்சர் என்று கணக்கில்லாமல் சேர்த்துக்கொண்டே போகிற பழக்கம் லேப்டாப்பில் தண்டனை இல்லாமல் தப்பிவிடும். கன்சோலில் தப்பாது.

மெமரி மொத்தம் எவ்வளவு என்பதோடு, எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதும் ஆளைக் கவிழ்க்கும். எக்ஸ்பாக்ஸ் 360இல் 512 எம்பி ஒரே குளமாக இருந்தது. பிளேஸ்டேஷன் 3இல் 256, 256 என இரண்டாகப் பிரிந்து, ஒன்று பிராசசருக்கும் ஒன்று கிராஃபிக்ஸுக்கும் என்று இருந்தது. கூட்டினால் ஒரே அளவு, விளைவு வேறு. 2011 நவம்பர் 11இல் வந்த ஸ்கைரிம், பிளேஸ்டேஷன் 3இல் நாள்பட விளையாடி, சேமிப்புக் கோப்பு பெருக்கப் பெருக்கத் தள்ளாடத் தொடங்கியது. அதன் கூடுதல் அத்தியாயமான டான்கார்ட் எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2012 ஜூனில் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்கள் 2013 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள்.

‘அது பழைய கதை, இப்போது எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகள்தானே’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். 2013க்குப் பிறகு சோனியும் மைக்ரோசாஃப்டும் பிசியில் உள்ள அதே வகை ஏஎம்டி பிராசசருக்கு வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் 2023இல் நடந்ததைப் பாருங்கள். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட் 3 ஆகஸ்டில் பிசிக்கும், செப்டம்பர் 6இல் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. காரணம், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 16 ஜிபி மெமரி, அதன் தங்கையான சீரிஸ் எஸ்ஸுக்கு 10 ஜிபி. ஒன்றில் உள்ள வசதி மற்றதிலும் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதி சீரிஸ் எஸ்ஸின் மெமரிக்குள் அடங்கவில்லை. கடைசியில் விதி தளர்த்தப்பட்டு, சீரிஸ் எஸ்ஸில் மட்டும் அந்த வசதி இல்லாமலே டிசம்பரில் கேம் வந்தது. சீரிஸ் எஸ்ஸில் அந்த வசதி சேர்ந்தது 2025 ஏப்ரலில்! 2023இன் சிறந்த கேம் என்று உலகமே கொண்டாடிய ஒன்றை, ஒரு மலிவுப் பெட்டியின் சில ஜிபிக்கள் மூன்று மாதம் நிறுத்திவைத்தன.

இந்தியாவில் 2020 நவம்பரில் அந்தச் சீரிஸ் எஸ் 34,990 ரூபாய்க்கும், சீரிஸ் எக்ஸ் 49,990க்கும் விற்பனைக்கு வந்தன. நம் வீடுகளில் எந்தப் பெட்டி நுழைய வாய்ப்பு அதிகம் என்பதை விலையே சொல்லும். நம் மக்களுக்காகக் கேம் செய்பவர்கள் மலிவான பெட்டியை மனதில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பதும் ஒரு வன்பொருள் பிரச்சினையே. விளையாடுபவர் இந்திர லிங்கத்திலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார். லோடிங் திரை வராமல் அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று வந்துகொண்டே இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்கில் முள் ஒவ்வொரு கோப்புக்கும் இடம் தேடி அலையும். பிளேஸ்டேஷன் 5ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில் இதை விளக்கினார். மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் போன்ற கேமில், அந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்காகச் சில தரவுகள் டிஸ்கில் 400 முறை வரை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. நம் பாதையில் ஒரே தெருவிளக்கு, ஒரே இளநீர் வண்டி, ஒரே பந்தல்கால் ஆயிரம் இடத்தில் வரும்; பழைய பெட்டி என்றால் அத்தனையையும் அங்கங்கே நகலெடுத்து வைக்க வேண்டியிருக்கும். விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும் பிளேஸ்டேஷன் 5இன் எஸ்எஸ்டியில் ஒரு நகல் போதும். அந்த வேகத்தை நம்பி வடிவமைத்த பாதை, வேகம் குறைந்த பெட்டிக்குப் போனால் விளையாடுபவர் அடுத்த லிங்கத்துக்கு முன்னால் வெற்று நிலத்தில் நிற்பார். வேகம் குறைந்த பெட்டிக்கு வடிவமைத்தது எங்கும் ஓடும்.

அப்படி வேகம் குறைந்த பெட்டியைத் தேர்ந்தெடுத்து ஜெயித்த இந்தியர்கள் இருக்கிறார்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக், 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகையை எட்ட முடியாமல் நின்றது. விடாமல் செய்து முடித்து, 2020 ஆகஸ்ட் 18இல் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சில் வெளியிட்டார்கள். மற்றப் பெட்டிகளுக்கும் பிசிக்கும் அக்டோபர் 15இல் வந்தது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுகக் கேமுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஸ்விட்சு என்பது நான்கு ஆர்ம் கோர்கள் கொண்ட பிராசசர், 4 ஜிபி மெமரி உள்ள சிறு கருவி. டிவியோடு இணைத்தால் கிராஃபிக்ஸ் சிப் 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும்; கையில் எடுத்தால் பேட்டரியைக் காக்க அது பெரும்பாலும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு பெட்டி. விளையாடுபவர் நடுவில் மாற்றுவார். கேம் தடைபடாமல் தொடர வேண்டும். நின்டெண்டோ இந்தியாவில் அதை முறைப்படி விற்காத நிலையில், ஓர் இந்திய அணி தன் முதல் கேமை அதில் கொண்டுவந்தது என்பதை நினைக்கும்போது அந்த உழைப்பின் கனம் புரியும்.

அதற்கும் முன்பே வழி போட்டவர்கள் ஹைதராபாத்காரர்கள். ஆரோனா டெக்னாலஜிஸ் செய்த ஹனுமான்: பாய் வாரியர் 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. அந்தப் பெட்டி பிறந்து ஒன்பது ஆண்டாகியிருந்தது. அடுத்த தலைமுறைப் பெட்டியும் கடைக்கு வந்துவிட்டது. 32 எம்பி மெமரிக்குள் முப்பரிமாணக் கேம் ஒன்றைச் செய்து முடித்தார்கள். கேம் எப்படி இருந்தது என்பதில் பல கருத்துகள் உண்டு. ஆனால் இந்தியாவில் ஒரு கன்சோலின் உட்புறத்தைத் தொட்டு வேலை செய்த முதல் கைகளில் அவையும் உண்டு. மும்பையின் டிரைன் கேம்ஸும் அதே காலத்தில் பிளேஸ்டேஷன் 2க்கும் பிஎஸ்பிக்கும் ஸ்ட்ரீட் கிரிக்கெட் செய்தது.

தமிழுக்கு வெண்பா இருக்கிறது. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ், கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொன்னது. அழிந்துபோன சமையல் குறிப்புகளை விளையாடுபவர் சரிசெய்துகொண்டே இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2023 ஜூலை 31இல் ஸ்விட்சு, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், பிசி எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுகக் கேம் விருதையும், சுயாதீனக் கேம் விழாவின் பெரும் பரிசையும் வென்றது. சிறு அணி ஒன்று இத்தனை பெட்டிகளில் ஒரே நாளில் இறங்கியதை இந்தக் கோணத்திலும் கவனிக்க வேண்டும். திறந்த உலகம் இல்லை, ஆயிரம் பேர் கூட்டம் இல்லை. ஒரு சமையலறை, தட்டையான அழகிய ஓவியங்கள், இசை. கதைக்குத் தேவையானதும் பெட்டிகளால் தாங்க முடிந்ததும் ஒன்றாகவே இருந்தன. கிரிவலக் கேமில் 14 கிலோமீட்டரும் வேண்டுமா, தீபத்தன்று மாலை ஒரு மணி நேரம் ஒரு தெருவில் நடப்பது போதுமா என்று உங்கள் அணி உட்கார்ந்து பேச வேண்டும்.

தமிழில் எழுத்தைக் காட்டுவதும் தனி வேலை. ‘கொ’ என்று திரையில் வர, ககரத்துக்கு இரு பக்கமும் குறிகள் போக வேண்டும். மெமரியில் அவை ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். இந்த மாற்றத்தைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மென்பொருள் அன்ரியலிலும் கோடோ 4லும் உள்ளே இருக்கிறது. யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இதைத் தானாகச் செய்யாது. குறிகள் இடம் மாறிக் கிடக்கும். கன்சோலில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பவும் முடியாது, கேமோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ‘கௌசிக நதி’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிடுங்கள். கோடோவைத் தேர்ந்தெடுத்தால் வேறொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கன்சோல் நிறுவனங்களின் இரகசிய ஒப்பந்தங்கள் காரணமாக, திறந்த மென்பொருளான அதில் கன்சோலுக்கு ஏற்றுமதி செய்யும் பகுதி நேராகக் கிடைக்காது; அந்த வேலையைச் செய்து தரும் வெளி நிறுவனங்களை நாட வேண்டியிருக்கும்.

கன்சோலில் கேமை ஓட்டிச் சோதிக்க வேண்டிய டெவ்கிட் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி அடுத்து வரும். கடையில் கிடைக்காது. நிறுவனத்தில் பதிவு செய்து, ஒப்பந்தம் போட்டு, கேமைக் காட்டி ஒப்புதல் பெற்றால்தான் தருவார்கள். மைக்ரோசாஃப்டின் ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டம் 2013இலிருந்து சிறு அணிகளுக்கு இந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது. சோனி 2023இல் இந்தியா ஹீரோ புராஜெக்ட் என்று ஒன்றை அறிவித்து, இந்திய அணிகளைத் தேர்ந்தெடுத்து உதவிவருகிறது. கேமை முடித்த பிறகும் ஒவ்வொரு நிறுவனத்தின் பரிசோதனையையும் தாண்ட வேண்டும்: கன்ட்ரோலர் நடுவில் கழன்றால் என்ன ஆகும், பெட்டியை உறங்கவைத்து எழுப்பினால் என்ன ஆகும் என்று நீண்ட பட்டியல் அது.

டெவ்கிட் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் 4 ஜிபி ஆண்ட்ராய்டு போனில் உங்கள் கேமை ஓடவிடுங்கள். அது ஸ்விட்சு ஆகிவிடாது. கிராஃபிக்ஸ் சிப் வேறு. ஆனால் ஆர்ம் பிராசசரும் குறைந்த மெமரியும் சூடானால் வேகம் குறையும் குணமும் உங்களை நேர்மையாகச் சோதிக்கும். ராஸ்பெரி பை இருந்தால் அதிலும் பாருங்கள். ரெண்டர்டாக், டிரேசி இரண்டும் இலவசம். எந்த ஃபிரேமில் எந்த வேலை எத்தனை மில்லி விநாடி தின்றது என்று பிரித்துக் காட்டும். கடையில் வாங்கிய எக்ஸ்பாக்ஸையே டெவ் மோடுக்கு மாற்றி, வரம்புகளோடு சொந்த நிரலை ஓடவிடவும் வழி இருக்கிறது. விருப்பமுள்ள ஒருவராவது சிசி65 கம்பைலரை இறக்கி, அந்தப் பழைய டிவி கேம் பெட்டிக்கு 2 கேபி ரேமில் ஒரு சின்னக் கேம் எழுதிப் பார்க்கட்டும். ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குச் சொல்லும் பழக்கம் கையில் ஏற அதைவிட நல்ல பயிற்சி குறைவு.

உங்கள் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் நெருங்குகிறது. நான்கு பேர் சேர்ந்து கிரிவலப் பாதையின் ஒரு துண்டை மட்டும், இந்திர லிங்கம் முதல் அக்னி லிங்கம் வரை, எடுத்துக்கொள்ளலாம். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லி விநாடி. அதில் கூட்டத்துக்கு எவ்வளவு, நெருப்புக்கும் புகைக்கும் எவ்வளவு, ஒலிக்கு எவ்வளவு என்று முதல் வாரத்திலேயே பங்கு போட்டு எழுதுங்கள். மெமரிக்கு 3 ஜிபி என்று உச்சவரம்பு வையுங்கள். வாரம் ஒருமுறை, இருப்பதிலேயே மெதுவான கருவியில் ஓட்டி, அந்த வார எண்களைக் குறித்துவையுங்கள். வைவாவில் நல்ல லேப்டாப்பில் எடுத்த வீடியோவைக் காட்டாமல், அந்த மெதுவான கருவியையே மேசையில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள். பக்கத்தில் வாரவாரம் எழுதிய அந்த அட்டவணையும் இருக்கட்டும். டெவ்கிட் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில் கேமின் வீடியோவோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.